புதன்கிழமை மதியம் வந்த ஞாயிற்றுக்கிழமை

அந்த யோசனை எனக்குக் கம்ப்யூட்டர் முன்னால் வரவில்லை. நம் ஆலை கேன்டீனில், சாம்பார் அண்டாவுக்கு முன்னால் வந்தது.

நெசவுப் பிரிவு ஃபிட்டர் ஒருவர் தட்டோடு எழுந்து போய், சாம்பாரில் உப்பே இல்லை, இரண்டு கை அள்ளிப் போடுங்கள் என்று கேன்டீன் மாஸ்டரிடம் சொன்னார். மாஸ்டர் முன்கோபக்காரர். கரண்டி பறக்கப்போகிறது என்று நான் தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன். அவரோ அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சாம்பாரைக் கிண்ணத்தில் ஊற்றி, அதில் சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கி, ஃபிட்டர் கையில் கொடுத்தார்.

"நீ கேட்ட உப்பு. மொதல்ல நீ குடிச்சுப் பாரு. உனுக்கு நல்லா இருந்தா அப்பறம் முந்நூறு பேருக்கு ஊத்தறேன்."

ஃபிட்டர் குடித்தார். முகம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இருப்பதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அண்டாவுக்கு எதுவும் ஆகவில்லை. கெட்டது ஒரு கரண்டி சாம்பார்தான்.

என் மடியில் அப்போது நான்கு அடி நீளத்துக்கு ஒரு பிரின்ட் காகிதம் மடங்கிக் கிடந்தது. என்னோடு வேலை பார்க்கும் முத்துக்குமரன் கம்ப்யூட்டர் புரோகிராமில் எழுதிய மாற்றங்கள். அதைச் சிவப்புப் பென்சிலோடு வாசித்து, கீழே கையெழுத்துப் போட வேண்டியது என் வேலை. போட்டால் மாற்றம் நேராக ஆலைக்காக ஓடும் புரோகிராமுக்குள், அதாவது அண்டாவுக்குள், போய்விடும். அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். பணி அனுபவம் எழுதுவதற்கு ஓய்வு பெற வேண்டும் என்று மதாம் சொல்கிறார். எனக்கு இருபத்தேழு வயது. அதுவரை காத்திருக்கிற பொறுமை இருந்தால் நான் ஏன் புரோகிராம் எழுத வருகிறேன்?

மதாம் என்று நான் சொல்வது நம் பிரிவின் தலைவரை. அவருக்கு ஒரு பெயர் உண்டு, அதைச் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது. நான் சேர்ந்தபோது பிரிவில் மதாம், நான், முத்துக்குமரன் மூன்றே பேர். ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்குப் பச்சை எழுத்துத் திரைகள் மூன்று. ஒருவர் எழுதிய மாற்றத்தை இன்னொருவர் காகிதத்தில் வாசித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது மதாம் வைத்த சட்டம். நல்ல சட்டம். ஆனால் வாசிக்கிற கண் எது என்று ஒன்று இருக்கிறதே! முத்துக்குமரன் அழகாக எழுதுவான். அழகாக எழுதியதைத் தப்பென்று சொல்லக் கண்ணுக்கு மனசு வராது. அப்படி நான் வாசித்துக் கையெழுத்திட்ட ஒரு மாற்றத்தால், ஒரு வாரம் நூற்புப் பிரிவு முழுவதற்கும் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை என்று ஷிஃப்ட் பட்டியல் அச்சாகி, கேட்டில் ஒட்டப்பட்டது. ஒரு ஆள்கூட வந்து புகார் சொல்லவில்லை. செவ்வாய் காலை மேஸ்திரி தனியாக நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது.

கிண்ணத்துச் சாம்பாரைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. கம்ப்யூட்டரோடு வந்த கையேட்டில் யாரும் திறக்காத ஓர் அத்தியாயம் இருந்தது. ஒரு புரோகிராமின் அசலை ஓரிடத்தில் பூட்டி வைக்கலாம். ஒவ்வொரு மாற்றமும் உள்ளே போகும்போது அதற்கு ஓர் எண், யார் செய்தது, ஏன் செய்தது என்று ஒரு வரி. எந்தப் பழைய எண்ணையும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். இதில் எனக்குப் பிடித்தது வேறு: அசலைத் தொடாமல் ஒரு பிரதியைக் கம்ப்யூட்டரில் எனக்கென்று இருக்கும் இடத்துக்கு எடுத்து, இன்னொருத்தர் மாற்றத்தை அதன்மேல் போட்டு, ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பிரதியை அழித்துவிடலாம். கிண்ணம்!

மதாம் ஒப்புக்கொண்டார். முத்துக்குமரன் ஒப்புக்கொள்ளவில்லை.

அவன் முதலியார்பேட்டைக்காரன். அவன் அப்பா இதே ஆலையில் தறி ஓட்டியவர். தறிக்காரர் மகன் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறான் என்பது அந்தத் தெருவுக்கே பெருமை. ஆனால் அவன் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தற்காலிக உத்தரவு இரண்டு முறை நீட்டிக்கப்பட்டிருந்தது. மூன்றாவது முறை நீட்டிக்க மாட்டேன், வைப்பேன் அல்லது அனுப்புவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த நிலையில் இருக்கிறவனிடம் போய், நீ எழுதியதை நான் ஓட்டிப் பார்த்துத்தான் சேர்ப்பேன் என்றால் அவன் எப்படி எடுத்துக்கொள்வான்?

"வாசிச்சுப் பாருங்க மேடம். என்னமோ சோத்துல விஷம் வெச்சவன் மாதிரி, குடிச்சுக் காட்டச் சொல்றீங்க" என்றான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது. கோபம் வந்தால்தான் எனக்கு மேடம் பட்டம்.

நான் முதலில் ஓட்டிப் பார்த்த அவன் மாற்றம் என் இடத்தில் எழுந்திருக்கவே இல்லை. அவன் இடத்தில் ஓடியது. மூன்று நாள் சண்டை. என் பிரதி கெட்டது என்று அவன், உன் மாற்றம் கெட்டது என்று நான். கடைசியில் பார்த்தால், அவன் எழுதிய ஒரு சின்னக் கோப்பு அவன் இடத்திலேயே தங்கியிருந்தது. அதை என்னிடம் கொடுக்க மறந்திருந்தான். பந்திக்கு வடையை அனுப்பிவிட்டுத் தயிரை வீட்டிலேயே வைத்த கதை. அவன் அந்தக் கோப்பைக் கொடுத்தான். மறுநாளிலிருந்து எனக்குப் பெயர் மேடம் இல்லை, பழையபடி கலைவாணி.

இனிச் சங்குக்கு வருகிறேன்.

ஆலைச் சங்கைக் கம்ப்யூட்டர் ஊதுகிறது என்று கேட்டு நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். சிரிக்கலாம். எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேன் ஒரு ரிலே பெட்டி செய்து, கம்ப்யூட்டரிலிருந்து கூரைக்கு ஒரு கம்பி இழுத்துவிட்டார். ஒரு சின்ன புரோகிராம் நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்க்கும். காலை எட்டு, மாலை நாலு, நள்ளிரவு பன்னிரண்டு. நேரம் வந்தால் ஊதும். தினமும் ஊதும். அதுதான் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லாதபோதும் நாலு மணிக்கு ஊதி, ஊரின் மதியத் தூக்கத்தைக் கெடுத்தது. இந்த ஊரில் மதியத் தூக்கம் எவ்வளவு புனிதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டரைக்குக் கடைக் கதவு சாத்தினால் நாலுக்குத்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை அது ஐந்தாகவும் ஆகும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து மேனேஜருக்கு மனுக் கொடுத்தார்கள்.

அதைச் சரிசெய்யும் மாற்றத்தை முத்துக்குமரனிடம் கொடுத்தார் மதாம். இதை ஒழுங்காகச் செய்தால் அந்த வாரமே நிரந்தரம் என்று மேனேஜர் வாயால் சொல்லியிருந்தார். பார்க்க எளிது, ஆனால் ஒரு முள் உண்டு. சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் ஞாயிறு காலை எட்டுக்கு முடிகிறது. அதனால் ஞாயிறு எட்டுக்கு ஊத வேண்டும், நாலுக்கு ஊதக் கூடாது. மாற்றம் என்னிடம் வந்தது. ஊதுகிற இடத்தில் திரையில் ‘சங்கு’ என்று எழுத்து மட்டும் வருமாறு என் பிரதியில் மாற்றிக்கொண்டேன். இதில் நான் ரொம்ப ஜாக்கிரதை.

சோதிப்பதற்கு எனக்குக் கிடைத்த நேரம், எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கப் போகும் மதியம். அன்று புதன்கிழமை. முள் இருக்கிற இடத்தில் சங்கு ஒழுங்காக ஊதுமா என்று முதலில் பார்க்க ஞாயிறு காலை எட்டு மணி வேண்டும். நான் எங்கே போவேன் ஞாயிறுக்கு? அவசர வேலைகளுக்காக மதாம் நம்பி என்னிடம் கொடுத்திருந்த ரகசியச் சொல் ஒன்று இருந்தது. அதைப் போட்டு, கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஞாயிறு காலை ஏழு ஐம்பத்தெட்டுக்குத் திருப்பி வைத்தேன். என் பிரதியை ஓட்டிவிட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தேன்.

இரண்டு நிமிடம். திரையில் ‘சங்கு’ என்று வந்தது. முத்துக்குமரன் எழுதியது சரி என்று எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அதே நொடியில் கூரைமேல் சங்கு ஊத ஆரம்பித்தது.

எழுத்து இவ்வளவு சத்தம் போடுமா என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. சத்தியமாக. பிறகுதான் விஷயம் விளங்கியது. பிரதி என்னுடையது, மாற்றம் என் இடத்தில், விடை என் திரையில். கடிகாரம் மட்டும் எல்லோருக்கும் பொது. நான் கிண்ணத்தில் உப்புப் போட்டேன், ஆனால் கிண்ணத்தை அண்டாவுக்குள்ளேயே மிதக்கவிட்டிருந்தேன். அசல் புரோகிராம் கடிகாரத்தைப் பார்த்தது, எட்டு மணி என்றது, கடமையைச் செய்தது.

ஒரு நிமிடம் முழுதாக ஊதி நின்றது. மதியம் ஒன்றேகாலோ ஒன்றரையோ இருக்கும்.

வெளியே நடந்ததைப் பிறகு பலர் சொல்லித் தெரிந்துகொண்டேன். உள்ளே தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நாலு மணி ஆகிவிட்டதென்று நிறுத்தி, கை கழுவி, சைக்கிளை எடுத்துவிட்டார்கள். வேலை நேரம் அன்றைக்கு இத்தனை சீக்கிரம் ஓடியதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வெளியே முதலியார்பேட்டைத் தெருக்களில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் அடித்துப் பிடித்து எழுந்து, சட்டையை மாட்டியபடி கேட்டுக்கு ஓடி வந்தார்கள். போகிறவர்களும் வருகிறவர்களும் கேட்டில் முட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து மணியடிப்பவர் எப்போதும் நம் சங்கைக் கேட்டுத்தான் கடைசி மணி அடிப்பார். அடித்துவிட்டார். பிள்ளைகள் தெருவில்.

ஒரே ஒரு தறிக்காரர் மட்டும் குனிந்து தரையைப் பார்த்து, "நெழலு கால்கீழயே கெடக்குதே, இன்னாய்யா நாலு மணி?" என்றாராம். சங்கே சொல்லிவிட்டது, உன் நிழலை யார் கேட்டது என்று அவரையும் தள்ளிக்கொண்டு போனார்களாம்.

கம்ப்யூட்டர் அறைக்குள் முதலில் வந்தது மேனேஜர். பின்னாலேயே மதாம், கொண்டை அவிழ்ந்து, "தூஸ்மான், தூஸ்மான்" என்றபடி. மெதுவாக என்று அர்த்தம். அவருக்குப் பதற்றம் வந்தால்தான் அந்தப் பிரெஞ்சுச் சொல் வாயில் வரும்.

மேனேஜர் என்னைப் பார்க்கவே இல்லை. முத்துக்குமரன் எங்கே என்றார். சங்கில் அவன் கை வைக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே வந்து நின்றான். வீட்டிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்ததில் மூச்சு வாங்கியது. சட்டைப் பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்று மாட்டியிருந்தன.

"சார், என் மாத்தல்தான் சார். ஞாயித்துக்கெழமைய மூணு எடத்துல தொட்டேன். எங்கயோ தப்பு பண்ணிட்டேன்" என்றான்.

மூன்று நாள் என்னோடு சண்டை போட்ட ஆள். தன் எழுத்தில் தப்பே இருக்காது என்று நின்றவன். உள்ளுக்குள் இவ்வளவு பயம் வைத்திருந்தானா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மேனேஜர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் அவன் வேலை போய்க்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு இரண்டு நொடி கிடைத்தது. இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டு நொடிக்காகத்தான். அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். கடிகாரத்தை மாற்றியதற்கு எந்த எண்ணும் இல்லை, எந்த வரியும் இல்லை. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. நான் நிரந்தரம்தான், ஆனால் ரகசியச் சொல்லை நம்பிக் கொடுத்தது மதாம்; சொன்னால் அவர் பெயரும் கெடும். முதல் நொடியில் இவ்வளவும் எனக்குத் தோன்றியது, மறைக்க மாட்டேன்.

இரண்டாவது நொடியில் திரையைப் பார்த்தேன். ‘சங்கு’ என்ற எழுத்து அப்படியே நின்றுகொண்டிருந்தது. அவன் எழுதியது சரி என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது. பார்த்தவள் நான் ஒருத்தி.

"சார், அவரு மாத்தல் இன்னும் உள்ளயே போகல. ஓடிக்கிட்டு இருக்கறது பழசு. நாந்தான் சோதிக்கறதுக்காக கடிகாரத்தத் திருப்புனேன்" என்றேன். அசலின் பட்டியலை அச்சடித்து நீட்டினேன். ஒன்று முதல் ஏழு வரை எண்கள், யார், ஏன். எட்டாவது இல்லை. முத்துக்குமரனின் மாற்றம் எட்டாவதாகப் போக வேண்டியது.

மேனேஜர் பட்டியலை இரண்டு முறை வாசித்தார். என்னைப் பார்த்தார். "சரிம்மா. மொதல்ல கடிகாரத்த ஒழுங்கா வை. நாலு மணிக்கு ஒழுங்கா ஊதணும்."

விசைப்பலகையில் கை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றது.

"இப்ப மணி என்ன சார்?" என்று கேட்டேன்.

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். நாலு இருபது. சங்கு கேட்டவுடன் கடிகாரம் நின்றுபோயிருந்தது என்று நினைத்துத் திருத்திவிட்டாராம். மதாமின் கைக்கடிகாரம் நாலு பதினைந்து. அவரும் திருத்தியிருந்தார். கேட்டில் சுவர்க் கடிகாரத்தை வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு ஏறித் திருத்தியிருந்தார். ஆலை முழுக்க ஆள் அனுப்பிக் கேட்டோம். கடிகாரம் கட்டிய அத்தனை பேரும் சங்கைக் கேட்டுக் கடமையாக முள்ளைத் திருப்பியிருந்தார்கள். வெளியில் கேட்கலாம் என்று மேனேஜர் டெலிபோனை எடுக்கப் போனார். அது தானாகவே அடித்தது. மணி என்ன என்று ஊர் எங்களைக் கேட்டது. வைத்தவுடன் இன்னொருவர். வைத்தவுடன் இன்னொருவர்.

கடிகாரத்தை மாற்றுவதற்கு முன் என்ன மணி என்று நான் ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வைக்கவில்லை. ஒன்றேகாலோ ஒன்றரையோ என்றால் சங்குக்குப் போதாது.

முத்துக்குமரன் அதுவரை தன் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டிருந்தான். நிமிர்ந்து, "ஒண்ணு அம்பத்தொண்ணு சார்" என்றான். எல்லாரும் அவன் கையைப் பார்த்தோம்.

"நீ ஏன்யா திருத்தல?" என்றார் மேனேஜர்.

"சங்கு ஊதற புரோகிராம உள்ள பூந்து பாத்தவன் சார் நானு. அதப் போயி நம்பி முள்ளத் திருப்புவனா?"

மதாம்தான் முதலில் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை, ஆனால் அவர் கைக்கடிகாரத்தை முத்துக்குமரனுடையதைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். அந்த ஊரில் அன்றைக்குச் சரியாக இருந்த ஒரே மணி ஒரு தற்காலிக ஊழியன் கையில் இருந்தது. நான் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். போனவர்களைக் கேட்டிலிருந்து தறிக்குத் திருப்பி அனுப்பினார்கள். நாலு மணிக்குச் சங்கு பிசகாமல் ஊதியது. ஒருவரும் அசையவில்லை. மேஸ்திரிகள் போய்க் கையைப் பிடித்து இழுத்து, இது நிஜ நாலு மணி என்று சொல்ல வேண்டியிருந்தது.

முத்துக்குமரனுக்கு அடுத்த வாரம் நிரந்தர உத்தரவு வந்தது. எனக்கு எழுத்தில் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. ரகசியச் சொல்லை மதாம் அன்றே மாற்றிவிட்டார், நான் அதைக் கேட்கவும் இல்லை. மெமோவுக்கு எழுதிய பதில் கோப்பில் எங்கோ கிடக்கும். ஆனால் சங்குப் புரோகிராமின் பட்டியலை நீங்கள் திறந்து எட்டாம் எண்ணைப் பாருங்கள். மாற்றியது முத்துக்குமரன். ஏன் என்கிற இடத்தில் ஒரு வரி: ஞாயிறு ஊர் தூங்கட்டும் என்று. அதன்கீழ், சோதித்தது கலைவாணி, புதன்கிழமை ஊரை எழுப்பியதும் அவரே. இரண்டாவது பாதியை எழுதியது நானில்லை. அவன் கேட்டான், எழுதட்டுமா என்று. எழுது என்றேன்.

போன வாரம் மதாம் அறைக்கு ஒரு அட்டைப் பெட்டி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர், தனிக் கடிகாரத்தோடு. மூன்று வருடம் கேட்டு வாங்கியது. கூரைக்குக் கம்பி இல்லை. ஃபோர்மேன் அதில் ஒரு காலிங் பெல்லை மாட்டிக் கொடுத்திருக்கிறார். இனி யார் மாற்றம் எழுதினாலும் அதில்தான் ஓட்டிப் பார்க்கப்போகிறோம்.

முதல் மாற்றம் என்னுடையது. வருகிற பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள், சங்குப் புரோகிராமுக்கு அது தெரியாது; மார்ச்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமையை ஒரு நாள் தப்பாக எண்ணும். எழுதி முடித்துவிட்டேன், எனக்கு அது அழகாகத் தெரிகிறது, அதனால்தான் நான் சோதிக்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமை மதியம், ஊர் தூங்கியதும், முத்துக்குமரன் ஓட்டிப் பார்ப்பான். நீங்கள் மூன்று பேரும் அவனோடு உட்காருங்கள். ஆரம்பிக்கும் முன் மணியை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.

கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வாருங்கள். எங்கிருந்தாவது சங்குச் சத்தம் கேட்டால், தயவுசெய்து முள்ளைத் தொடாதீர்கள்.